செழிப்பின் சுவிசேஷமும் விதவையின் இரண்டு காசும்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஹூஸ்டன் என்றொரு பெரிய நகரம் இருக்கிறது. அந்நகரில் கூடைப்பந்து ஆட்டங்கள் நடந்துவந்த மாபெரும் விளையாட்டரங்கம் ஒன்று, 2005-ம் வருஷத்தில் கிறிஸ்தவ ஆலயமாக மாறியது. ஒரே சமயத்தில் சுமார் 16,000 பேர் அமரக்கூடிய அந்த ஆலயத்துக்கு லேக்வுட் சபை என்று பெயர். ஜான் ஆஸ்டீன் என்ற போதகர், 1959-ல், கால்நடைத் தீவனம் விற்ற பழைய கடை ஒன்றில் ஆரம்பித்த சிறு சபை அது. அவருடைய குமாரர் ஜோயல் ஆஸ்டீன் காலத்தில் இவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்டது. மேடையில் வாத்தியங்கள் முழங்குகின்றன. டெலிவிஷன் காமிராக்கள் சுழல்கின்றன. போதகர் மலர்ந்த முகத்தோடு பேசுகிறார். பாவத்தைப் பற்றியும் தண்டனையைப் பற்றியும் அவர் அதிகம் பேசுவதில்லை. கடவுள் உங்களுக்கு நல்லதையே நினைத்திருக்கிறார், வரும் நாட்கள் சென்ற நாட்களைவிடச் சிறப்பாயிருக்கும் என்பதே அவர் பேச்சின் சாரம்.

சோர்ந்து வந்த மனிதனிடம் நம்பிக்கையான வார்த்தை சொல்வதில் என்ன பிழை? ஒரு பிழையும் இல்லை. ஆனால் இந்த நம்பிக்கை மொழிக்கு அருகிலேயே, அதைவிட மிகவும் துணிவான ஓர் உபதேசம் வளர்ந்து, அமெரிக்கா, ஆப்பிரிக்கா, பிரேசில், கொரியா முதலிய தேசங்களின் பெரிய சபைகள் பலவற்றில் குடிகொண்டிருக்கிறது. அதற்குச் ‘செழிப்பின் சுவிசேஷம்’ என்று பெயர் வழங்குகிறது. ஜோயல் ஆஸ்டீன் அந்தப் பெயரைத் தமக்குச் சூட்டுவதை விரும்புவதில்லை. எனினும் கிறிஸ்தவ உலகில் இதைப் பற்றிய வாதம் எழும்போதெல்லாம் அவர் பெயரும் அடிபடாமல் போவதில்லை.

பிற மதத்தார் வீட்டு வழக்கில் நமக்கென்ன வேலை என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். இந்த வழக்கில் வாதிகளும் கிறிஸ்தவர்கள், பிரதிவாதிகளும் கிறிஸ்தவர்கள். நாம் செய்வது வாதத்தைக் கேட்டுச் சொல்வது மாத்திரமே. ஆயினும், துன்பப்படுகிற மனிதனிடம் சமயம் என்ன சொல்ல வேண்டும் என்ற கேள்வி இதன் அடியில் இருப்பதால், எந்த மதத்தைச் சேர்ந்த குடும்பமும் இதைக் கேட்டு யோசிப்பதில் பயனுண்டு.

உபதேசம் யாது?

இந்த உபதேசத்தை மூன்று வாக்கியங்களில் அடக்கிவிடலாம். தேக ஆரோக்கியமும் பொருட்செல்வமும் விசுவாசிக்குக் கடவுள் வாக்களித்த உரிமைகள் என்பது முதலாவது. அவற்றைச் சந்தேகமின்றி நம்பி, ‘பெற்றுவிட்டேன்’ என்று வாயினால் அறிக்கை செய்தால் அவை கைகூடும் என்பது இரண்டாவது. காணிக்கை என்பது விதை. விதைத்தவன் பல மடங்காக அறுப்பான் என்பது மூன்றாவது. ஆக, வியாதியும் வறுமையும் ஒருவனிடம் நீடித்திருந்தால், அவனுடைய விசுவாசத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்படுகிறது. கடைசியாகச் சொன்ன இந்த முடிவைப் பிரசங்கிகள் எப்போதும் வெளிப்படையாய்ச் சொல்வதில்லை. ஆனால் கேட்பவர்கள் தாமாகவே அதைக் கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள்.

இது பழைய கிறிஸ்தவ மரபா? அல்ல. துறவிகளின் மடங்களிலும் சரி, லூதர், வெஸ்லி போன்ற சீர்திருத்தக்காரர்களின் சபைகளிலும் சரி, இத்தகைய உபதேசத்துக்கு இடமிருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மனத்தின் எண்ணமே வியாதியையும் செல்வத்தையும் உண்டாக்குகிறது என்று சொன்ன ‘புதிய சிந்தனை’ இயக்கம் அமெரிக்காவில் பரவியிருந்தது. ரஸ்ஸல் கான்வெல் என்ற பாப்டிஸ்டு போதகர், செல்வம் சேர்ப்பது கிறிஸ்தவனின் கடமை என்ற கருத்துள்ள ஒரே சொற்பொழிவை 6,000 தடவைக்கு மேல் நிகழ்த்தி, அந்த வருமானத்தைக் கொண்டு ஏழை மாணவர்களைப் படிக்க வைத்தார். இ. டபிள்யூ. கென்யன் (1867–1948) என்பவர் விசுவாசத்தையும் வாய்ச்சொல்லின் வல்லமையையும் இணைத்து நூல்கள் எழுதினார். கென்னத் ஹேகின் (1917–2003) அந்தக் கருத்துக்களைப் பெந்தெகொஸ்தே சபையினரிடையே பரப்பி, 1974-ல் ஒக்லஹோமா மாகாணத்தில் பிரசங்கிகளைப் பழக்கும் பள்ளி ஒன்றையும் நிறுவினார். அதே மாகாணத்து ஓரல் ராபர்ட்ஸ் (1918–2009) காணிக்கையை விதையென்று உபதேசித்தவர்களில் தலைசிறந்தவர். கூடாரங்களில் தொடங்கிய அவருடைய பிரசங்கம் டெலிவிஷன் மூலம் வீடுதோறும் புகுந்தது.

டெலிவிஷன் வந்தபின் செலவும் பெருகிற்று. காணிக்கைக்கான வேண்டுகோளும் பெருகிற்று. 1987-ல், மார்ச்சு மாதத்துக்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கடவுள் தம்மை அழைத்துக்கொண்டுவிடுவார் என்று ஓரல் ராபர்ட்ஸ் அறிவித்தபோது அமெரிக்க தேசமே திகைத்தது. பணம் சேர்ந்துவிட்டது. அதில் 13 லட்சம் டாலரைக் கொடுத்தவர் நாய்ப் பந்தய மைதானம் நடத்திய ஒரு கனவான்!

முன்னும் பின்னும் படித்தல்

பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்யுள் கற்பிக்கும்போது நாம் ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பொருள் சொல்லாதே. அதற்கு முன் என்ன இருக்கிறது, பின் என்ன இருக்கிறது, யார் யாரிடம் சொன்னது என்று பார் என்போம். செழிப்பின் உபதேசத்தை எதிர்க்கும் கிறிஸ்தவ அறிஞர்கள் முதலில் கையாண்ட கருவியும் இதுவே.

அவர்களில் முக்கியமானவர் கார்டன் ஃபீ (1934–2022). இவர் புதிய ஏற்பாட்டு ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். அதோடு, அற்புதங்களையும் தெய்விகமாக நோய் தீர்தலையும் நம்புகிற பெந்தெகொஸ்தே சபையில் பிறந்து அதிலேயே போதகரானவர். ஆகவே, நம்பிக்கையில்லாதவர் பேசுகிறார் என்று அவரைத் தள்ளிவிட முடியவில்லை. ஆரோக்கியமும் செல்வமும் வாக்களிக்கும் இந்தச் சுவிசேஷங்களை ‘நோய்’ என்றே பெயரிட்டு 1979-ல் அவர் கட்டுரைகள் எழுதினார். அவை பின்னர் சிறு நூலாகவும் வந்தன.

செழிப்புப் பிரசங்கிகள் அடிக்கடி எடுத்துக்காட்டும் வசனம் யோவானின் மூன்றாம் நிருபத்தில் இருக்கிறது. காயு என்ற நண்பர் எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்க வேண்டுமென்று நிருபக்காரர் அங்கே விரும்புகிறார். அக்காலத்துக் கிரேக்கக் கடிதங்களின் ஆரம்பத்தில் வழக்கமாய் எழுதப்படும் க்ஷேமலாப வாசகம் அது என்று ஃபீ விளக்கினார். ‘இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்’ என்று நம் பெரியோர்கள் கடிதம் தொடங்கினார்களே, அதைப் போன்றதுதான். அந்த வரியைக் கொண்டு எல்லோருக்கும் க்ஷேமம் சட்டப்படி உறுதி என்று யாரேனும் வாதித்தால் நாம் நகைக்க மாட்டோமா?

மல்கியா தீர்க்கதரிசியின் நூலில், தசமபாகத்தைப் பண்டகசாலைக்குக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்று வருகிறது. இதுவும் மேடைகளில் ஓயாமல் ஒலிக்கும் வசனம். ஆனால் அந்தத் தசமபாகம் தானியமும் கால்நடையுமாகக் கொடுக்கப்பட்டது. நிலவுரிமை இல்லாத லேவியருக்குச் சேர்ந்தது. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் அது பங்கிடப்பட வேண்டும் என்று உபாகமம் விதிக்கிறது. விதவை வாங்க வேண்டிய பொருளை விதவையிடமிருந்து வாங்குவதற்கு அதே வசனம் ஆதாரமாகுமா என்று எதிர்ப்பாளர்கள் கேட்கிறார்கள்.

நூறு மடங்கு என்ற வாக்கு மாற்கு எழுதிய சுவிசேஷத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அங்கே, தமக்காக வீட்டையும் உறவையும் விட்டவன் இம்மையிலேயே நூறு மடங்கு வீடுகளையும் சகோதரரையும் தாய்மாரையும் பெறுவான் என்று இயேசு சொல்கிறார். ஒருவனுக்கு நூறு தாய்மார் எப்படிக் கிடைப்பார்கள்? சபை முழுவதும் அவனுக்குக் குடும்பமாகும், அவர்கள் வீடெல்லாம் அவனுக்கு வீடாகும் என்பதுதான் பொருத்தமான பொருள். மேலும் அதே பட்டியலில் ‘துன்பங்களோடு கூட’ என்ற பொருளுள்ள ஒரு சொல்லும் சேர்ந்திருக்கிறது. மேடையில் நூறு மடங்கு நிற்கிறது. இந்தச் சொல் மட்டும் எப்படியோ உதிர்ந்துவிடுகிறது!

வீட்டுக்குள்ளிருந்தே எழுந்த குரல்

1914-ல் தோன்றி, பெந்தெகொஸ்தே சபைகளில் மிகப் பெரியதாய் வளர்ந்த அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற ஸ்தாபனம், 1980-ல் இந்த விஷயம் குறித்துத் தன் நிலையை அறிக்கையாக வெளியிட்டது. ஒரு வசனத்தை மட்டும் பார்க்காமல் வேதம் முழுவதையும் பார்க்க வேண்டும், மனிதன் வாயினால் சொல்வதெல்லாம் கடவுளைக் கட்டாயப்படுத்த முடியாது, அவர் சித்தத்துக்கு இடம் வேண்டும் என்பது அதன் கருத்து. அப்போஸ்தலனாகிய பவுல் தம் சரீரத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டியும் அது நீங்காமற் போனதைக் கிறிஸ்தவர் யாவரும் அறிவர். பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

எல்லாவற்றிலும் வியப்பானது ஜிம் பேக்கர் என்ற டெலிவிஷன் பிரசங்கியின் வரலாறு. தென் கரோலினா மாகாணத்தில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்காகப் பெரிய உல்லாச நகரம் ஒன்றை அவர் அமைத்தார். 1,000 டாலர் கொடுப்பவர்கள் ஆயுள் முழுவதும் வருஷந்தோறும் மூன்று இரவு அங்கே தங்கலாம் என்று சொல்லிப் பல்லாயிரம் பேரிடம் பணம் திரட்டினார். அத்தனை பேரும் தங்குவதற்கு அங்கே அறைகள் இல்லை. 1989-ல் மோசடிக் குற்றத்துக்காக 45 வருஷச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டு, 1994-ல் அவர் வெளியே வந்தார். சிறையில் இயேசுவின் வார்த்தைகளை முழுமையாக வாசித்தபோதுதான், செல்வத்தைப் பற்றித் தாம் போதித்தது அவற்றுக்கு நேர்மாறானது என்று உணர்ந்ததாக 1996-ல் வெளியிட்ட நூலில் அவரே எழுதினார்.

ஹேகின்கூடத் தம் முதுமையில், 2000-ம் வருஷத்தில், தம் சீடர்கள் சிலர் எல்லை மீறிப் போய்விட்டதைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். ஜார்ஜியா மாகாணத்துக் கிரெஃப்லோ டாலர் என்ற போதகர், 2015-ல், 6 கோடி டாலருக்கு மேல் விலையுள்ள சொந்த ஆகாய விமானம் வாங்குவதற்காக 2 லட்சம் பேர் தலைக்கு 300 டாலர் அனுப்ப வேண்டுமென்று கேட்டு உலகத்தின் ஏளனத்துக்கு ஆளானார். அவரே 2022-ல், தசமபாகத்தைப் பற்றித் தாம் முன்பு போதித்தது சரியல்ல என்று சொல்லி, அது குறித்த தம் பழைய நூல்களை எறிந்துவிடும்படி சபையாரைக் கேட்டுக்கொண்டார்.

இப்படித் திருந்தியவர்கள் உண்டென்றாலும் உபதேசம் தளர்ந்துவிட்டதாய்த் தெரியவில்லை. லைஃப்வே என்ற கிறிஸ்தவ ஆராய்ச்சி ஸ்தாபனம், ஆலயத்துக்குச் செல்லும் அமெரிக்கப் புராட்டஸ்டண்டுகளிடம் விசாரித்தது. அதிகப் பணம் கொடுத்தால் கடவுள் ஆசீர்வதிப்பார் என்று தங்கள் சபை கற்பிப்பதாக 2017-ல் சொன்னவர்கள் நூற்றுக்கு 38 பேர். 2022-ல் அத்தொகை 52 ஆயிற்று.

அரசாங்கம் தலையிட்டுத் தடுக்கலாகாதா என்று தோன்றும். அமெரிக்கச் சட்டத்தின்படி மற்றத் தர்ம ஸ்தாபனங்கள் வருஷந்தோறும் வரவு செலவுக் கணக்கைச் சர்க்காருக்குச் சமர்ப்பித்தாக வேண்டும். சபைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மத சுதந்திரத்தைக் காக்கும் ஏற்பாடு இது. செனட்டர் கிராஸ்லி என்பவர் 2007-ல் ஆறு டெலிவிஷன் ஊழியங்களின் பணச் செலவைப் பற்றி விசாரணை தொடங்கினார். 2011-ல் எவருக்கும் தண்டனையின்றி அது முடிவுற்றது. ஆகவே கணக்குக் கேட்கும் பொறுப்பு காணிக்கை போடுகிறவர்கள் மீதே வந்து விழுகிறது.

பெரிய குற்றச்சாட்டு

விமானமும் மாளிகையும் பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. ஆனால் ஆழ்ந்து சிந்திக்கும் கிறிஸ்தவர்கள் அவற்றை இரண்டாம் பட்சமாகவே கருதுகிறார்கள். பிரசங்கி ஏழையாய் வாழ்ந்தாலும் இந்த உபதேசம் தீங்கு செய்யும் என்பது அவர்களுடைய வாதம். மேடையில் நிற்பவனுக்கு என்ன சேர்கிறது என்பதைவிட, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற வியாதிக்காரிக்கு என்ன நேர்கிறது என்பதையே அவர்கள் பார்க்கிறார்கள்.

கேட் பௌலர் என்ற அம்மையார் கனடாவில் வளர்ந்தவர். அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையில் கிறிஸ்தவ சரித்திரம் கற்பிப்பவர். இந்த இயக்கத்தின் சரித்திரத்தை எழுதுவதற்காகப் பல வருஷம் அச்சபைகளுக்குச் சென்று, அங்குள்ளவர்களோடு பழகி, 2013-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர்களை இகழவில்லை; அவர்களிடம் கண்ட அன்பையும் நம்பிக்கையையும் மறைக்கவும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து, அவருடைய முப்பத்தைந்தாவது வயதில், கையில் சிறு குழந்தை இருக்கும்போது, குடலில் புற்றுநோய் முற்றிய நிலையில் இருப்பதாக வைத்தியர்கள் சொன்னார்கள். எல்லாம் ஒரு காரணத்தோடுதான் நடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆறுதல் சொல்ல வந்தாராம். அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ளத் தமக்கும் ஆசைதான் என்று அம்மையாரின் கணவர் பதில் சொன்னாராம். துன்பத்துக்கு உடனே விளக்கம் சொல்லிவிட வேண்டுமென்ற ஆவல், துன்பப்படுகிறவரை எவ்வளவு தனிமையாக்குகிறது என்பதைக் கேட் பௌலர் பின்பு எழுதினார். உழைத்தால் உயரலாம், நம்பினால் நலம் பெறலாம் என்ற எண்ணம் தமக்குள்ளும் இருந்ததை அப்போதுதான் கண்டுகொண்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார்.

இந்தக் குற்றச்சாட்டு விவிலியத்திலேயே பழமையானது. யோபு என்ற நல்லவன் மக்களையும் செல்வத்தையும் ஆரோக்கியத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். நண்பர்கள் மூவர் வருகிறார்கள். முதல் ஏழு நாள் பேசாமல் உடன் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நண்பர்களாகவே இருந்தார்கள். பிறகு வாய் திறந்து, உன்னிடம் ஏதோ குற்றம் இருக்கிறது, இல்லாவிட்டால் இப்படி நேராது என்று வாதிக்கத் தொடங்கினார்கள். நூலின் முடிவில் கடவுள் கண்டிப்பது கேள்வி கேட்ட யோபுவின் நண்பர்களாகிய அந்த மூவரையே. செழிப்பின் உபதேசம் அம்மூவரின் பேச்சை மேடையேற்றியிருக்கிறது என்பது எதிர்ப்பாளர்களின் துணிபு.

ஏழைகள் ஏன் செல்கிறார்கள்?

நைஜீரியா தேசத்தில் ஓட்டா என்னுமிடத்தில் 1999-ல் திறக்கப்பட்ட ஓர் ஆலயத்தில் 50,000 ஆசனங்கள் இருக்கின்றன. பிரேசிலில் ஸாவ் பாவ்லோ நகரில் 2014-ல் திறக்கப்பட்ட சாலோமோன் ஆலயத்தில் 10,000 பேர் அமரலாம். இங்கே திரளும் ஜனங்கள் எல்லோரையும் ஏமாந்தவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது, நியாயமாகாது. வைத்தியசாலையில் மருந்து இல்லை, வேலை தேடினால் சிபாரிசு வேண்டும், சர்க்காரை நம்பிப் பயனில்லை என்றிருக்கிற மனிதனுக்கு, ‘உன்னைக் கடவுள் அறிவார், நீ உயர்வாய்’ என்ற சொல் பெரும் பொருளாகிறது. குடியை விட்டு, கடனை அடைத்து, தொழில் தொடங்கியவர்களும் அச்சபைகளில் உண்டு.

கானாவில் அக்ரோப்பொங் என்ற ஊரில் 2008, 2009-ம் வருஷங்களில் கூடிய ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ அறிஞர்கள், லோஸான் இயக்கத்தின் சார்பில் வெளியிட்ட அறிக்கையில் இந்த இரண்டு பக்கத்தையும் பார்க்கிறோம். கடவுள் ஆசீர்வதிக்கிறார் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. வறுமை தானாகவே புண்ணியம் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒருவனுடைய ஆத்ம நலத்தைப் பணத்தால் அளப்பதும், வறுமையையும் வியாதியையும் விசுவாசக் குறைவென்று கூறுவதும், அநீதியால் விளைந்த ஏழ்மையை மறைத்துவிடுவதும் சுவிசேஷத்தின் திரிபு என்று ஆணித்தரமாகச் சொன்னார்கள். அமெரிக்காவின் பழைய சபைகளிலிருந்து எழுந்த கண்டனத்தைவிட இதற்கு அதிக மதிப்பு உண்டென்று நாம் கருதுகிறோம். வயிறு நிறைந்தவர்கள் பசித்தவனிடம் செல்வம் வேண்டாமென்று சொல்வது ஒன்று. அந்தப் பசியின் நடுவே வாழ்பவர்கள் சொல்வது வேறு.

பணத்தைப் பற்றிக் கிறிஸ்தவ மரபில் வேறு வழியும் இருந்ததென்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஜான் வெஸ்லி சாட்சி. நேர்மையாய்ச் சம்பாதி, சிக்கனமாய்ச் சேமி என்று அவரும் ஏழைத் தொழிலாளிகளுக்கு உபதேசித்தார்; அதோடு, இயன்ற மட்டும் கொடுத்துவிடு என்றும் சேர்த்துச் சொன்னார். தம் வருமானம் ஏறியபோது செலவை ஏறவிடாமல் மிகுதியைத் தானம் செய்தார். கொடுப்பதற்கு எல்லாரையும் ஏவினார். கொடுத்தால் பெருகி வரும் என்று கணக்குக் காட்டவில்லை. தானம் என்ற சொல்லுக்கு அர்த்தம் வருவதே அங்கேதான். வட்டியை எதிர்பார்த்துக் கொடுப்பதற்கு வேறு பெயர் உண்டு.

செழிப்புப் பிரசங்கிகளும் அவர்களை எதிர்ப்பவர்களும் ஒருங்கே எடுத்தாளும் ஒரு சம்பவத்தைச் சொல்லி முடிக்கிறோம். எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியில் செல்வர்கள் மிகுதியாகப் போட்டார்கள். ஏழை விதவை ஒருத்தி இரண்டு சிறு காசு போட்டாள். அவளிடம் இருந்ததே அவ்வளவுதான். அவளே எல்லாரிலும் அதிகம் போட்டாள் என்றார் இயேசு. கடைசிக் காசையும் கொடுங்கள் என்பதற்கு இதை உதாரணமாக்குகிறார்கள் பிரசங்கிகள். ஆனால் மாற்கின் ஏட்டில் முன்னும் பின்னும் பார்த்தால் என்ன காண்கிறோம்? இதற்குச் சற்று முன்புதான், நீண்ட ஜபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். சற்றுப் பின், அந்த ஆலயமே கல்லின்மேல் கல் இராதபடி இடிந்துபோகும் என்கிறார். ஆகவே இது வெறும் பாராட்டு மட்டுமன்று, அவளிடம் இருந்த கடைசிக் காசையும் வாங்கிக்கொண்ட ஏற்பாட்டைக் குறித்த துக்கமும் இதில் கலந்திருக்கிறது என்று விவிலிய அறிஞர் சிலர் கருதுகின்றனர்.

அந்த விதவைக்குப் பிறகு நூறு மடங்கு கிடைத்ததாக மாற்கு எழுதவில்லை. அன்று மாலை அவள் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதையும் அவர் சொல்லவில்லை. அதை விசாரிக்க வேண்டிய கடமை பெட்டியை வைத்தவர்களுடையது. காணிக்கை கேட்கும் சபை எதுவாயினும், கொடுத்தவளின் வீட்டுக்குப் போய் அந்தக் கேள்வியைக் கேட்கிறதா என்று பார்த்தால், அதன் உபதேசத்தைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது பெரும்பாலும் தெரிந்துவிடும்.